பூனையும் வேண்டும், மூச்சும் வேண்டும்: அலர்ஜி உள்ளவர்களுக்கு அறிகுறிவாரியாக ஒரு வழிமுறை

பூனை முடிதான் அலர்ஜிக்குக் காரணம் என்று நினைத்து முடியை மட்டும் துரத்திக்கொண்டிருந்தால் அலுப்புதான் மிஞ்சும். உண்மையான காரணம் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் எச்சிலிலும் அது உருவாகிறது. பூனை தன்னை நக்கும்போது அது உடம்பெல்லாம் பரவுகிறது. காய்ந்ததும் மிக நுண்ணிய துகள்களாக உதிர்ந்து பறக்கிறது. இந்தத் துகள்களில் ஒரு பகுதி 5 மைக்ரானைவிடச் சிறியது. அவ்வளவு சிறியவை மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும், மூச்சோடு நுரையீரலின் உள்ளே வரை போகும். மிச்சம் மெத்தை, சோபா, திரைச்சீலை, சுவர், சட்டை என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். குட்டை முடி, நீள முடி, முடியே இல்லாத இனம் எதுவானாலும் இந்தப் புரதம் உண்டு. ‘அலர்ஜி தராத பூனை’ என்று விற்கப்படும் இனங்களுக்கும் இதே கதைதான். ஒரே இனத்துக்குள்ளேயே பூனைக்குப் பூனை அளவு பெரிதும் மாறுபடும்.

புரதத்தை வீட்டிலிருந்து முழுமையாக ஒழிக்க முடியாது. உடல் தாங்கும் அளவுக்குக் கீழே கொண்டுவர முடியும். அதற்கு அது எங்கே தேங்கியிருக்கிறது என்று தெரிய வேண்டும். தொந்தரவு எந்த நேரத்தில், எந்த அறையில், எதைச் செய்யும்போது வருகிறது என்று கவனித்தால் அந்த இடம் பிடிபட்டுவிடும். கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியிலிருந்து தொடங்கலாம். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

அறிகுறி: இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம்

இது துடைத்துப் பெருக்கிச் சரிசெய்யும் வேலை அல்ல. பூனைக்கு அருகில் இருக்கும்போது அல்லது இரவு 2, 3 மணிக்கு இருமல் வந்து எழுப்பினாலோ, படியேறும்போது வழக்கத்தைவிட இரைத்தாலோ, அலர்ஜி மூக்கைத் தாண்டி மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். மூச்சை ஊதி அளக்கும் பரிசோதனை செய்து, ஆஸ்துமாவா என்று அவர் சொல்வார். அலர்ஜி மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்கும். மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்காது. அதற்கு இன்ஹேலர்தான். உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலரை வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் தேட வேண்டியிருந்தால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். அன்றாடம் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர் பற்றிக் கேளுங்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியாத இரைப்பு, உதடோ நகமோ நீலம் பூப்பது, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளிழுப்பது, இன்ஹேலர் எடுத்தும் தணியாதது, முகமும் தொண்டையும் வீங்குவது: இவற்றில் எது வந்தாலும் அவசர சிகிச்சைக்கு உடனே போக வேண்டும். ஆஸ்துமா கட்டுக்குள் வரும்வரை கீழே உள்ள சுத்தம் செய்யும் வேலைகளை அலர்ஜி இல்லாத ஒருவர் செய்யட்டும். துப்புரவு நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் காற்றில் புரதம் மிக அதிகமாக இருக்கும்.

சந்தேகம்: இது பூனையால்தானா?

பூனை பலமுறை செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறுகிறது. வீட்டுத் தூசியில் வாழும் தூசிப்பூச்சி, பூஞ்சை, மகரந்தம் மூன்றுமே இதே தும்மலைத் தரும். சில அடையாளங்கள் உதவும். படுக்கையை உதறும்போது மட்டும் தும்மல் அடுக்கடுக்காக வந்தால் தூசிப்பூச்சியைச் சந்தேகியுங்கள். ஈரம் கசியும் சுவருள்ள அறையில் மட்டும் வந்தால் பூஞ்சை. ஆண்டின் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் மோசமாகி, பூனை வெளியே சுற்றிவிட்டு வரும் நாட்களில் கூடினால், அது தன் முடியில் மகரந்தத்தைச் சுமந்து வருகிறது. வெளியிலிருந்து வந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிட்டாலே ஓரளவு குறையும்.

தோலில் தெரிவதிலும் இரண்டு போலிகள் உண்டு. கணுக்காலைச் சுற்றி இரண்டு மூன்றாகச் சேர்ந்த சிறு சிவப்புப் புள்ளிகள் என்றால் தெள்ளுப்பூச்சிக் கடி. பூனையின் முடியைச் சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் போடுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளின் கழிவு. மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாய்க்கான தெள்ளு மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கலாம். அது பூனையின் உயிரையே பறிக்கும். வட்டமாக, ஓரம் சிவந்து செதில்விட்டு மெல்லப் பெரிதாகும் அரிப்பு என்றால் படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று, பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிகிச்சை நடந்தால்தான் போகும்.

ஊகத்தை விட்டு உறுதிசெய்ய இரண்டு பரிசோதனைகள் உள்ளன. தோலில் குத்திப் பார்ப்பது 15 முதல் 20 நிமிடத்தில் விடை தரும்; ஆனால் அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அலர்ஜி இருந்தும் ‘இல்லை’ என்று காட்டிவிடும். எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதைப் பரிசோதிப்பவரிடம் கேளுங்கள். ஆஸ்துமா மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தத்தில் ஐஜிஇ (அலர்ஜியின்போது உடல் உருவாக்கும் எதிர்ப்புப் புரதம்) அளவு பார்க்கும் பரிசோதனைக்கு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. பூனையோடு தூசிப்பூச்சியையும் சேர்த்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் அலர்ஜி உள்ளவர்கள் பலர். ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு ‘எதுவும் பலிக்கவில்லை’ என்று சோர்ந்துபோவது அதனால்தான்.

அறிகுறி: காலையில் எழும்போதே தும்மல், அடைத்த மூக்கு, கனத்த தலை

புரதம் தேங்கியிருப்பது படுக்கையறையில். ஒருநாளில் மூன்றிலொரு பங்கு நேரம் முகத்தைத் தலையணையில் புதைத்துக் கிடக்கிறோம் என்பதால், வீடு முழுவதையும் அரைகுறையாகச் சுத்தம் செய்வதைவிட இந்த ஓர் அறையை முழுமையாக மீட்பது அதிகப் பலன் தரும். வேலையைத் தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பூனை இனி இந்த அறைக்குள் வராது என்பது முதல் விதி. ‘பகலில் மட்டும் வந்து படுக்கட்டும்’ என்ற சலுகை எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பகலில் அது விட்டுச் செல்வதை இரவில் நீங்கள் சுவாசிப்பீர்கள். ஆனால் கதவை மூடியதோடு வேலை முடியவில்லை. ஏற்கெனவே ஊறியிருக்கும் புரதம் தானாகக் குறைய மாதங்கள் ஆகும். பலர் கதவை மூடி, இரண்டு வாரம் பார்த்து, மாற்றமில்லை என்று திறந்துவிடுகிறார்கள். மூடிய அன்றே அறையைக் கழுவியிருந்தால் அந்த இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்திருக்கும்.

கழுவும் வரிசை மேலிருந்து கீழ். மின்விசிறி இறக்கைகள், அலமாரியின் மேல்பகுதி, பிறகு சுவர்கள், ஜன்னல் சட்டங்கள், கதவு, கட்டிலின் சட்டம், கடைசியில் தரை. எல்லாமே ஈரத்துணியால். உலர்ந்த துணியும் இறகுத் தூரிகையும் புரதத்தை இடம் மாற்றும், எடுக்காது. சிறிது சோப்பு கலந்த ஒரு வாளித் தண்ணீர் போதும்; கலங்கியதும் மாற்றுங்கள். சுவரை விட்டுவிடாதீர்கள். பூனை உரசிப்போகும் முழங்கால் உயரம் வரையாவது கட்டாயம். முடிந்தால் முழுச் சுவரும். கம்பளம் இருந்தால் வெளியேற்றுங்கள். வழவழப்பான தரையைவிடக் கம்பளம் பல மடங்கு அதிகமான புரதத்தைப் பிடித்து வைத்திருக்கிறது; மேலோட்டமாக உறிஞ்சினாலும் அடிநூல்களில் இருப்பது அங்கேயே இருக்கும். துணித் திரைச்சீலையைத் துவைத்துப் போடலாம், துடைக்கக்கூடிய மறைப்பாக மாற்றினால் இன்னும் நல்லது.

படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாம் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். பூனைப் புரதத்தைத் துணியிலிருந்து எடுப்பது முக்கியமாகத் தண்ணீரும் சோப்பும்தான், சூடு அல்ல. ஆகவே இயந்திரத்தைத் திணித்து நிரப்பாமல், கூடுதலாக ஒருமுறை அலசவிடுங்கள். தூசிப்பூச்சிக்கும் அலர்ஜி உண்டென்றால் மட்டும் 60 டிகிரி செல்சியஸ் தேவை.

மெத்தையைத் துவைக்க முடியாது, அதனால் உறைக்குள் அடைக்க வேண்டும். இங்கே வாங்குவதில் ஒரு தவறு நடக்கிறது. தூசிப்பூச்சிக்கு 10 மைக்ரானுக்குள் துளையுள்ள துணி போதுமானது. பூனைப் புரதம் அதைவிட நுண்ணியது. 6 மைக்ரானுக்குள் துளையுள்ள நெருக்கமான நெசவு வேண்டும். உறை ஆறு பக்கமும் மூடி ஜிப் போடுவதாக இருக்க வேண்டும். மேலே மட்டும் விரிக்கும் வகை ஓரங்களில் கசியும். ஜிப் முடியும் மூலையில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள். தலையணையை உறையிடுவதோடு, பழையது பல ஆண்டு பயன்பட்டதென்றால் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

அலமாரியும் படுக்கையறைதான். திறந்த கொடியில் தொங்கும் சட்டைகள், கதவுக்குப் பின்னால் மாட்டிய துண்டு, பூனை மடியில் படுத்த உடை எல்லாம் புரதத்தை உள்ளே கொண்டுவரும் வண்டிகள். பூனையோடு இருக்கும்போது போடும் உடையைத் தனியாக வைத்து, அறைக்குள் நுழையுமுன் மாற்றுங்கள். முடிந்தால் படுக்குமுன் குளித்து, தலைமுடியையும் அலசிவிடுங்கள். மாலை முழுவதும் பூனையோடு இருந்த தலைமுடி இரவு முழுவதும் தலையணையோடு இருக்கும்.

கதவை மூடியதும் பூனை வெளியே நின்று கத்தும், பிறாண்டும். ஒருமுறை இரக்கப்பட்டுத் திறந்தாலும் ‘கத்தினால் திறக்கும்’ என்று கற்றுக்கொள்ளும்; அடுத்த இரவு இன்னும் நேரம் கத்தும். வேறு அறையில் உயரமான, கதகதப்பான படுக்கை ஒன்றை அமையுங்கள். நகம் தேய்க்கும் கம்பத்தை அங்கே வையுங்கள். இரவு படுக்குமுன் 10, 15 நிமிடம் ஓடவிட்டு விளையாடி, உடனே நாளின் கடைசி உணவைக் கொடுங்கள். வேட்டையாடி, தின்று, நக்கிக்கொண்டு, தூங்குவது பூனையின் இயல்பான வரிசை. தாக்குப்பிடித்தால் பெரும்பாலான பூனைகள் சில வாரங்களில் பழகிவிடும். அது உங்கள் அன்பை இழக்கவில்லை, ஒரு மெத்தையைத்தான் இழக்கிறது.

அறிகுறி: பூனையைத் தொட்ட சில நிமிடங்களில் கண் அரிப்பு, சிவப்பு, நீர்

கை வழியாக வருவது. பூனையைத் தடவிய கை தெரியாமலே கண்ணுக்குப் போகிறது. கொஞ்சி முடித்ததும் கை, மணிக்கட்டு, பிறகு முகம் என்று சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிருமிநாசினி ஜெல் உதவாது. அது கிருமியைக் கொல்லும், புரதத்தைக் கையிலேயே விட்டுவிடும். பூனையின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் பழக்கத்தைத்தான் விட வேண்டியிருக்கும்.

அரிக்கத் தொடங்கிவிட்டால் தேய்க்காதீர்கள். தேய்க்கத் தேய்க்க அரிப்பை உண்டாக்கும் வேதிப்பொருள் மேலும் வெளியாகும், இமை வீங்கும். மூடிய இமைமேல் குளிர்ந்த ஈரத்துணியை 5 முதல் 10 நிமிடம் வையுங்கள். செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு ஒட்டியிருப்பதைக் கழுவி இறக்கும். ஃப்ரிட்ஜில் வைத்துப் போட்டால் கூடுதல் இதம். ஓலோபடடின், கீட்டோடிஃபென் ஆகியவை அலர்ஜிக்கான சொட்டுகள். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் கழற்றிவிட்டுச் சொட்டு விட்டு, 15 நிமிடம் கழித்தே திரும்பப் போட வேண்டும். சிவப்பைப் போக்கும் என்று விற்கும் சொட்டுகள் ரத்த நாளங்களைச் சுருக்குபவை. நாள்தோறும் போட்டால் நிறுத்தியதும் கண் முன்னைவிடச் சிவக்கும். பார்வை மங்கல், வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம் இருந்தால் அது வெறும் அலர்ஜி இல்லை, கண் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: மருந்து எடுத்தும் மூக்கு திறக்கவில்லை

எந்த மருந்து என்று பாருங்கள். செடிரிசின், லெவோசெடிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகள் தும்மல், ஒழுகல், அரிப்பு ஆகியவற்றை நன்றாக அடக்கும். அடைப்பை அவ்வளவாகத் திறக்காது. செடிரிசின் வகை சிலருக்குத் தூக்கம் தரும், இரவில் எடுக்கலாம். ஃபெக்ஸோஃபெனடினைப் பழச்சாற்றோடு விழுங்கினால் உடலில் சேரும் அளவு குறைந்துவிடும். தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும். பழைய வகையான குளோர்ஃபெனிரமின் எடுத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

அடைப்புக்கு முதல் தேர்வு ஃபுளுட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரே. இது அடைக்கும்போது மட்டும் அடிக்கும் மருந்தல்ல. தினமும் அடித்து, முழுப் பலனுக்கு ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நான்காம் நாள் ‘வேலை செய்யவில்லை’ என்று நிறுத்துவது பொதுவான தவறு. அடுத்த தவறு அடிக்கும் விதம். புதுப் புட்டியைக் குலுக்கி, மெல்லிய சாரல் வரும்வரை காற்றில் அடித்துப் பாருங்கள். மூக்கைச் சிந்திக்கொள்ளுங்கள். தலையைச் சற்று முன்னால் குனியுங்கள். பின்னால் சாய்க்கக் கூடாது. வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில் அடியுங்கள். அப்போது முனை தானாகவே வெளிப்பக்கம், காதை நோக்கித் திரும்பும். மென்மையாக மூச்சை உள்ளிழுங்கள். தொண்டையில் கசந்தால் பலமாக உறிஞ்சிவிட்டீர்கள். மூக்கிலிருந்து ரத்தம் கசிந்தால் நடுத்தண்டை நோக்கி அடிக்கிறீர்கள்.

ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் சொட்டுகள் சில நிமிடங்களில் மூக்கைத் திறந்து மனத்தைக் கவர்ந்துவிடும். மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கும், மேலும் மேலும் அடிக்க வேண்டியிருக்கும். பல வாரமாக இதை விடாமல் அடித்துக்கொண்டிருப்பவரின் அடைப்புக்குப் பூனை பொறுப்பல்ல. மருத்துவர் உதவியோடு, ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடங்கிக்கொண்டு இதிலிருந்து விடுபடலாம்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது எளிய, நல்ல துணை. உப்பின் அளவு 1 லிட்டருக்கு 9 கிராம். 250 மில்லிக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகம். அயோடின் சேராத உப்பு எரிச்சல் தராது. தண்ணீர் நன்றாகக் கொதித்து ஆறியதாகவோ, காய்ச்சி வடித்ததாகவோ இருக்க வேண்டும். குழாய் நீரை அப்படியே ஊற்றினால் மூளையைத் தாக்கும் அமீபா போகும் அபாயம் உண்டு; அரிதுதான், ஆனால் உயிர் தப்புவது கடினம். கழுவிவிட்டுப் பிறகு ஸ்ப்ரே அடியுங்கள். மாற்றிச் செய்தால் மருந்தைக் கழுவிவிடுவீர்கள்.

யூகலிப்டஸ், டீ ட்ரீ போன்ற எண்ணெய்களை அறையில் ஆவியாக விடுவதைப் பூனை இருக்கும் வீட்டில் தவிருங்கள். இவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு. கீழே விழுந்த சளி மாத்திரையையும் உடனே தேடி எடுங்கள். அதிலுள்ள பாரசிட்டமால் ஒரு மாத்திரை அளவிலேயே பூனையைக் கொல்லலாம்.

அறிகுறி: வீட்டைச் சுத்தம் செய்த நாளில் மோசமாகிறது

துடைப்பமும், சாதாரண வாக்குவம் கிளீனரும் படிந்திருந்ததைக் கிளப்பிவிடுகின்றன. சாதாரண வாக்குவத்தின் பை நுண்துகளைப் பிடிக்காமல் பின்பக்கக் காற்றோடு வெளியே தள்ளும். நுண்துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் மட்டும் போதாது, உடல் முழுவதும் காற்றுப்புகாமல் மூடப்பட்ட வகையாக இருக்க வேண்டும். இணைப்புகளில் கசிந்தால் ஃபில்டரால் பயனில்லை. தூசியைக் கொட்டும் தொட்டி வகையைவிட மூடி எறியும் பை வகை அலர்ஜி உள்ளவருக்கு ஏற்றது. தொட்டியைக் காலிசெய்யும் அந்த அரை நிமிடத்தில் மொத்தத் தூசியும் முகத்துக்கு வரும்.

தரைக்கு ஈர மாப் போதும், வாரம் இரண்டு முறை. சோபாவுக்குத் துவைக்கக்கூடிய விரிப்பு ஒன்றைப் போட்டு அதை வாரம் ஒருமுறை துவையுங்கள். துணிச் சோபாவை உறிஞ்சிச் சுத்தம் செய்து ஜெயிக்க முடியாது. நீங்களேதான் செய்ய வேண்டும் என்றால் முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 முகக்கவசம் போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். முடிந்ததும் அறையை விட்டு ஒரு மணி நேரம் விலகியிருங்கள்.

அறிகுறி: ஏர் பியூரிஃபையர் ஓடியும் பலன் இல்லை

முதலில் திறந்து பாருங்கள்: புது ஃபில்டரின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் நிறைய. அடுத்து அளவு. அறையின் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்குங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் 3 மீட்டர் என்றால் 36 கன மீட்டர். ஐந்து மடங்கு 180. இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் சிஏடிஆர் (அது வெளியிடும் சுத்தமான காற்றின் அளவு) மணிக்கு 180 கன மீட்டராவது இருந்தால்தான் அறைக்காற்று மணிக்கு ஐந்து முறை சுத்தமாகும். அந்த எண் அதிவேகத்தில் ஓடும்போது கிடைப்பது. இரவில் சத்தத்துக்குப் பயந்து மெல்லிய வேகத்தில் வைப்பீர்கள், அப்போது பாதிகூட வராது. ஆகவே தேவையைவிடப் பெரியதாக வாங்கி மெதுவாக ஓடவிடுவதே சரி.

கதவு திறந்திருந்தால் வீடு முழுவதன் காற்றையும் ஒரு சிறு இயந்திரம் துரத்திக்கொண்டிருக்கும். சுவரோடு ஒட்டி வைத்தாலும், கட்டிலுக்கு அடியில் தள்ளினாலும் காற்று போய்வராது. முன்ஃபில்டரில் பூனை முடி படர்ந்தால் காற்றோட்டம் குறைந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுத்தம் செய்யுங்கள். உள்ளே இருக்கும் ஹெப்பா ஃபில்டரைக் கழுவக் கூடாது, இழைகள் கெட்டுவிடும். ஓசோன் உமிழும் வகையை வாங்கவே வேண்டாம். ஓசோன் மூச்சுக்குழாயை எரிக்கும், உங்களுக்கும் பூனைக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் பலன் இல்லையா? இயந்திரம் காற்றில் மிதப்பதை மட்டுமே பிடிக்கும். மெத்தையிலும் சோபாவிலும் ஊறியது ஒவ்வொரு அசைவிலும் புதிதாகக் கிளம்பும். படுக்கையறை வேலையை முடிக்காமல் இயந்திரத்திடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அறிகுறி: நக்கிய, பிறாண்டிய இடத்தில் சிவந்த தடிப்பு

சோப்பும் தண்ணீரும் போட்டு உடனே கழுவி, ஒரு அலர்ஜி மாத்திரை எடுத்தால் பொதுவாகச் சில மணி நேரத்தில் அடங்கும். நகத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிடுங்கள், வெள்ளை முனை மட்டும். உள்ளே தெரியும் இளஞ்சிவப்புப் பகுதியில் நரம்பும் ரத்தமும் ஓடுகின்றன. பூனை கடித்தால் அலர்ஜிக் கணக்கில் விட்டுவிடாதீர்கள். அதன் பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும், ஓரிரு நாளில் சீழ்பிடிக்கும். ரேபிஸ் உள்ள பகுதியென்றால் தடுப்பூசியும் தேவைப்படும். 15 நிமிடம் ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: மணல் தட்டைச் சுத்தம் செய்யும்போது தும்மல்

பெரும்பாலும் களிமண் தூசியும் வாசனைப் பொடியும் தரும் எரிச்சல். தூசி குறைந்த, வாசனை சேர்க்காத மணலுக்கு மாறுங்கள். பழைய மணலோடு சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்றினால் பூனை முரண்டு பிடிக்காது. மணலை உயரத்திலிருந்து கொட்டாமல் தட்டுக்கு அருகே பிடித்துச் சரியுங்கள். தட்டு படுக்கையறைக்கோ ஏசி காற்று உறிஞ்சும் இடத்துக்கோ அருகில் இருக்கக் கூடாது.

அறிகுறி: வெளியூர் போய்த் திரும்பியதும் முன்னைவிட மோசம்

இடைவிடாமல் சொந்தப் பூனையோடு இருக்கும் சிலருக்கு உடல் ஓரளவு பழகிவிடும். சில வாரங்கள் விலகியிருந்தால் அந்தப் பழக்கம் தளர்ந்து, திரும்பிய அன்று தும்மல் வெடிக்கும். பயணம் முடிவதற்குச் சில நாட்கள் முன்பே தினசரி மூக்கு ஸ்ப்ரேயைத் தொடங்கிவிடுங்கள். வந்த அன்றே படுக்கை விரிப்பை மாற்றுங்கள். இந்தப் பழக்கம் எல்லோருக்கும் வருவதில்லை. ‘பழகிவிடும்’ என்று ஆஸ்துமா உள்ளவர் காத்திருப்பது ஆபத்து. பூனையே இல்லாத அலுவலகத்திலோ வகுப்பிலோ தொந்தரவு வந்தால் அதிசயமில்லை, பூனை வளர்ப்பவர்களின் உடையோடு புரதம் அங்கெல்லாம் பயணிக்கிறது.

அறிகுறி: பன்றி இறைச்சி சாப்பிட்டதும் வாய் அரிப்பு, தடிப்பு, வயிற்று வலி

அரிதானது, ஆனால் சொல்லாமல் விடக் கூடாதது. பூனையின் ரத்தப் புரதமான அல்புமினுக்கு அலர்ஜி உள்ள சிலருக்குப் பன்றியின் அல்புமினும் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டும் அமைப்பில் நெருங்கியவை. இப்படி ஒருமுறை நடந்தாலும் அந்த இறைச்சியை நிறுத்திவிட்டு அலர்ஜி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் பாதிதான் குறைந்தது

இப்போது புரதம் பிறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கருத்தடை செய்யாத ஆண் பூனை என்றால் அதுதான் முதல் வேலை. அறுவைக்குப் பிறகு அதன் ஃபெல் டி 1 அளவு குறையும். தினமும் முடி வாருவதும், ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும் நல்லது, அலர்ஜி இல்லாதவர் வீட்டுக்கு வெளியே செய்தால். குளிப்பாட்டினால் அளவு இறங்கும், ஆனால் சில நாட்களிலேயே பழைய நிலைக்கு ஏறிவிடும். பலன் நிற்க வாரம் இருமுறை முக்கிக் குளிப்பாட்ட வேண்டும். தண்ணீரை வெறுக்கும் விலங்கை அப்படி வதைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2020 முதல் விற்பனைக்கு வந்த ஓர் உணவு வகை உண்டு. அதில் சேர்க்கப்படும் முட்டைப் புரதம், பூனையின் எச்சிலிலேயே ஃபெல் டி 1ஐப் பற்றி முடக்குகிறது. தயாரித்த நிறுவனத்தின் ஆய்வில், மூன்றாம் வாரத்திலிருந்து முடியில் உள்ள செயல்படும் புரதம் சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. சராசரி என்பதால் உங்கள் பூனையில் கூடவோ குறையவோ செய்யலாம். வேறு உணவோடு பாதிப்பாதியாகக் கலந்தால் பலன் சரியும், தினமும் அதுவே முக்கிய உணவாக இருக்க வேண்டும். முட்டை ஒவ்வாத பூனைக்கோ, சிறுநீரக நோய்க்காகத் தனி உணவு உண்ணும் பூனைக்கோ கொடுக்குமுன் கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் உடலின் பக்கம் உள்ள நீண்டகால வழி இம்யூனோதெரபி. புரதத்தைச் சிறு அளவில் தொடங்கி ஊசியாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். முதல் சில மாதங்கள் அடிக்கடி, பிறகு மாதம் ஒருமுறை என மொத்தம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள். ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் 30 நிமிடம் மருத்துவமனையிலேயே காத்திருக்க வேண்டும், கடும் எதிர்வினை வந்தால் அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவருக்கு இதைத் தொடங்க மாட்டார்கள்.

மூச்சுத்திணறல் கட்டுப்படாமல், மருத்துவர் பூனையைப் பிரியச் சொல்லும் நிலையும் சிலருக்கு வரும். அதைச் சோதித்துப் பார்க்க இரண்டு வாரம் பூனையை வேறு வீட்டில் விட்டால் எதுவும் தெரியாது. பூனை போன பிறகும் வீட்டில் புரதம் பழைய அளவிலிருந்து பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்க நான்கு முதல் ஆறு மாதம் ஆகலாம். படுக்கையறைக்குச் சொன்ன அதே கழுவலை வீடு முழுவதற்கும் செய்து, துணிச் சோபாவையும் கம்பளத்தையும் வெளியேற்றினால் இந்தக் காலம் சுருங்கும். பூனையின் படுக்கை, நகம் தேய்க்கும் கம்பம், விளையாட்டுச் சாமான்கள் எதையும் வீட்டில் நிறுத்தி வைக்காமல் அதனோடே அனுப்புங்கள். உங்கள் மூக்குக்கும் நல்லது, தன் வாசனை உள்ள பொருட்களோடு போகும் பூனை புது இடத்தில் சீக்கிரம் சாப்பிடத் தொடங்கும்.